ஓடைக்கு அந்தப் பக்கம் ஐந்து வீடுகள்

அம்மா,

போன செவ்வாய்க்கிழமை உன் லேப்டாப் பையைப் பீரோ மேலிருந்து இறக்கினேன். ஜிப்பை இழுத்ததும் ஸ்பிரிட் வாசனை வந்தது. கீபோர்டைத் துடைக்கவென்று பையின் பக்கவாட்டு உறையில் ஒரு சின்ன பாட்டிலும் பஞ்சும் வைத்திருப்பாயே, அதன் மூடி எப்போதோ தளர்ந்துபோய், உள்ளே ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. வாசனை மட்டும் பைக்குள் தங்கியிருந்தது. நான் சின்னவளாக இருந்தபோது, மலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி என்னைத் தூக்கிக்கொள்வாயே, அப்போது உன் சேலையில் வரும் அதே வாசனை. பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு கரும்புக் கொல்லைக்குக் கிளம்பிவிட்டார்.

உன்னை நினைத்து அழலாம் என்று பையை இறக்கவில்லை. வேலை இருந்தது. மறுநாள் நம் ‘மலைச்சுற்று’ விளையாட்டை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் கணினிகளில் விளையாடுபவர்களுக்காக, பூட்டு எதுவும் இல்லாமல் வெளியிடுவதாக இருந்தேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த மிகப் பழைய கணினியில் அது ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்த மிகப் பழைய கணினி உன்னுடையதுதான்.

ப்ளஸ் டூ படிக்கும்போது எனக்கு இலவசமாகக் கிடைத்தது அது. வரும்போது அதில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தன. நான் கல்லூரி முடிப்பதற்குள் வைரஸ் புகுந்து விண்டோஸ் செத்துப்போனது. லினக்ஸ் பிழைத்துக்கொண்டது. வேலைக்குப் போனதும் நான் புதிது ஒன்றை வாங்கிக்கொண்டு இதை உன் தலையில் கட்டினேன். திரை விழிக்கும்போது ஒரு பென்குயின் படம் வரும். “வாத்து வந்துடுச்சி” என்பாய். அது பென்குயின் என்று எத்தனை தடவை சொன்னாலும் உனக்கு அது வாத்துதான். டயாலிசிஸ் அறையிலும் அந்தப் பெயர் பரவி, “இன்னிக்கி வாத்தை எடுத்துக்கினு வரலையா?” என்று மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

உன் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் கள்ளக்குறிச்சிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று ஆனபோது, நான் சென்னையைக் காலி செய்துவிட்டு நம் ஊர் கச்சிராயபாளையத்துக்கே வந்துவிட்டேன். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்தேன். சனி, ஞாயிறுகளில் எனக்கென்று ஒரு வியூக விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தேன். சதுரங்கம் மாதிரிதான்; யோசித்து யோசித்து நகர்த்த வேண்டும். ஒரு மலை, அதன் மேலே கோட்டைகள், கீழிருந்து ஏறும் படை. நீ என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

“இன்னா பாப்பா இது, எல்லாரும் அடிச்சிக்கினே இருக்காங்க?”

“மலையைப் பிடிக்கணும்மா. அதுதான் ஆட்டம்.”

“நானுந்தான் முப்பது வருஷம் மலையைப் புடிக்கப் போனேன். ஒருத்தனையும் அடிக்கலையே.”

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டு அங்கிருந்தே சொல்ல ஆரம்பித்தாய். கல்வராயன் மலையில் நீ கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்துக் கதைகள். எனக்குத் தெரிந்தவை என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் ஒன்றுமே தெரியாது. நீ காலையில் போவாய், இருட்டுவதற்குள் வருவாய், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உன் வேலை. புதன்கிழமை ஊசி நாள். தடுப்பூசி மருந்து சூடு பட்டால் வீண். அதனால் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐஸ் உருகுவதற்குள் நடந்தே ஊர் ஊராகப் போய் வர வேண்டும். எந்த ஊருக்கு முதலில், எந்த வழியாக, எந்த நேரத்தில் என்று நீ போட்ட கணக்குகளைக் கேட்கக் கேட்க, என் கோட்டைகளும் படைகளும் எனக்கே சப்பென்று ஆகிவிட்டன. அந்த வாரமே படைவீரர்கள் அத்தனை பேரையும் அழித்தேன். ஒரு நர்ஸம்மா, ஒரு ஐஸ் பெட்டி, பன்னிரண்டு ஊர்கள், நான்கு புதன்கிழமைகள். இதுதான் மலைச்சுற்று.

நான் எழுத, நீ விளையாடினாய். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஊசி ஏறிய கையை அசைக்காமல், இன்னொரு கையால் மட்டும். ஒவ்வொரு முறையும் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்வாய். “இந்த மாசத்துல அந்த ஊர்ல யாரு இருப்பா? எல்லாரும் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருப்பாங்க. நீ போனா பூட்டைத்தான் பாத்துட்டு வரணும்.” “சாமை அறுப்புல காலைல போயி இன்னா பண்ணுவ? சாயங்காலம் போ.” “பொட்டியை ஒரு தபா தொறந்தா எவ்ளோ ஐஸ் கம்மியாவும் தெரியுமா? நீ பாட்டுக்குத் தொறந்து தொறந்து மூடறியே.” எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

ஆனால் நீ ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. ஊசி போட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புள்ளி என்று வைத்திருந்தேன். வரைபடத்தின் ஓரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம், ஐந்தே வீடுகள் கொண்ட ஓர் ஊர் இருந்தது. அங்கே போய் வந்தால் பாதி ஐஸ் தீர்ந்துவிடும். கிடைப்பது இரண்டே புள்ளி. கொஞ்சம் யோசிக்கிற யாரும் அந்த ஊரை விட்டுவிடுவார்கள். நீயோ ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் அங்கேதான் போனாய்.

“அதை விட்டாத்தாம்மா ஜெயிக்க முடியும்” என்று ஒரு நாள் சொன்னேன்.

“அஞ்சு வூட்டை வுட்டுட்டா ஜெயிச்ச மாதிரின்னு யாரு உனக்குச் சொன்னது?”

கோபமாகவே கேட்டாய். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். நீ லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாய்.

“வேலைக்குச் சேந்த புதுசு. ஐப்பசி மழை. ஓடை ரெண்டு கரையும் தளும்பிக்கினு ஓடுது. அந்தாண்ட அஞ்சு வூடு. ஒரு பொம்பள குழந்தையை இடுப்புல வெச்சிக்கினு நின்னு கையாட்டுறா. நானும் கையாட்டினேன். அடுத்த வாரம் வரேன்னு கத்தினேன். அவளுக்குக் கேட்டுச்சோ இல்லையோ. அடுத்த வாரமும் மழை. அதுக்கும் அடுத்த வாரந்தான் போக முடிஞ்சுது. எனக்கு முன்னாடி தட்டம்மை போயிட்டு வந்திருந்துது. அவ இடுப்புல குழந்தை இல்லை.”

நான் உன் நாற்காலிப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அவ என்னைத் திட்டலை பாப்பா. ஒக்கார வெச்சி கடுங்காப்பி போட்டுக் குடுத்தா. ரெண்டு திட்டு திட்டியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.”

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். நான் அந்த ஒரு விதியை மட்டுமே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து புள்ளிகளை எடுத்துவிட்டேன். இப்போது ஆட்டம் முடிந்ததும் எண்ணிக்கை எதுவும் வராது. விளையாடுபவர் போகாமல் விட்ட ஊர்களின் பெயர்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். விளையாடிப் பார்த்துவிட்டு, “ம்” என்றாய். உன்னிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

பெங்களூரிலிருந்து அந்த நிறுவனத்தின் அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். சின்ன விளையாட்டுகளை வாங்கி வெளியிடுபவர்கள். என் ஆட்டம் பிடித்திருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். விண்டோஸுக்கு மட்டும்தான் வெளியிடுவார்கள். “லினக்ஸ்ல விளையாடறவங்க ரொம்ப கம்மி மேடம்” என்றார் தொலைபேசியில் பேசியவர். இன்னொன்று, டி.ஆர்.எம். என்கிற பூட்டு. விளையாட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது இணையம் வழியாக அவர்களுடைய சர்வரைக் கேட்கும். அங்கிருந்து சரி என்று பதில் வந்தால்தான் திறக்கும். திருட்டு நகல் எடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. என் கையிலிருந்து வெளியே போகும் எந்தப் பிரதியும், சோதனைப் பிரதிகூட, பூட்டோடுதான் போக வேண்டும்.

உன்னிடம் விளக்கிச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாய். “நான் வெலை குடுத்து ஒரு பாத்திரம் வாங்கியாறேன். சோறாக்கும்போதெல்லாம் கடைக்காரனைக் கேட்டுட்டுத்தான் அடுப்புல வெக்கணுமா?”

“எல்லாரும் இப்படித்தாம்மா பண்றாங்க.”

“மலையில டவர் கெடையாதே. அங்க இருக்கறவங்க எப்படி வெளையாடுவாங்க?”

“அங்க யாரும்மா இதை வாங்கப் போறாங்க?”

நீ கீரையை அள்ளிக்கொண்டு எழுந்து போனாய். நான் சொன்ன அந்த வார்த்தையை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஐந்து வீடுகளை விட்டுவிடாதே என்று ஒரு விளையாட்டை எழுதிவிட்டு, நானே அதைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். உனக்கென்று லினக்ஸில் ஒரே ஒரு பிரதி செய்து, அதிலும் அந்தப் பூட்டைப் போட்டு, உன் லேப்டாப்பில் ஏற்றினேன்.

ஒரு நாள் டயாலிசிஸ் அறையில், உன் லேப்டாப்புக்கு இணையம் தரும் என் போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. ‘அனுமதி பெற முடியவில்லை’ என்ற ஒரே வரியோடு ஆட்டம் நின்றது. நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்தேன். “பரவால்ல வுடு” என்றாய். நான்கு மணி நேரமும் அந்தப் பக்கத்து நாற்காலிப் பெரியவருக்கு, எந்த ஊருக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று வாயாலேயே ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஒரு வருஷம் ஓடியது. விற்பனை சுமார்தான். பிறகு ஒரு நாள் அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுமதி கொடுக்கும் சர்வரை நிறுத்திவிட்டார்களாம், வருந்துகிறார்களாம். அன்றோடு, காசு கொடுத்து வாங்கியவர்கள் யாருக்கும் மலைச்சுற்று திறக்கவில்லை. உனக்கும் திறக்கவில்லை.

நீ அப்போது மிகவும் தளர்ந்திருந்தாய். கட்டிலில் சாய்ந்தபடி லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய்.

“பாப்பா, இது தொறக்க மாட்டேங்குது. கொஞ்சம் தொறந்து குடேன். மூணு ஊரு பாக்கி இருக்குது.”

அது திங்கட்கிழமை. எனக்குக் கம்பெனியில் ஒரு வேலை தலைக்கு மேல் நின்றது. ஒப்பந்தப்படி பூட்டை எடுக்க எனக்கு உரிமை இல்லை. பெங்களூருக்கு எழுதிக் கேட்காமல் செய்யப் பயந்தேன். உன் ஒரு பிரதியில் எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அது எனக்குத் தோன்றாமல் இல்லை.

“ஞாயித்துக்கிழமை பண்ணித் தரேம்மா” என்றேன்.

“சரி, வேலையைப் பாரு.”

புதனன்று மறுபடி கேட்டாய். அதே பதிலைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை நீ கேட்கவில்லை. சனிக்கிழமை மூச்சுத் திணறி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, நம் கோயிலில் பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாய்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அந்த விளையாட்டின் பக்கமே போகவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாதான் கேட்டார். “அவ கேட்டுக்கினே இருந்தாளே, அது இன்னா ஆச்சி?” குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, பெங்களூருக்கு முதல் கடிதத்தை எழுதினேன். என்னிடம் பேசியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அடுத்தவர் பதில் போடவில்லை. நான் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். மாதங்கள் போயின. கடைசியில், விளையாட்டின் உரிமை முழுவதும் இனி உங்களுக்கே என்று இரண்டு வரியில் ஒரு பதில் வந்தது.

அன்று மத்தியானம் உட்கார்ந்து பூட்டை எடுத்தேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று வேண்டுமென்றே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். நாற்பது நிமிஷம் ஆனது அம்மா.

பிறகு மற்ற வேலைகள். எல்லோரும் முதலில் விண்டோஸுக்குத்தான் செய்வார்கள். நான் லினக்ஸை முதலில் எடுத்தேன். லினக்ஸ் என்பது ஒன்று இல்லை, ஏகப்பட்ட வகை. ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் எழுத்து உடைந்து நிற்கும். முகம் தெரியாத சிலர் தங்கள் கணினிகளில் ஓட்டிப் பார்த்துப் பிழைகளை எழுதி அனுப்பினார்கள். கடைசியாக உன்னுடையதில் ஓட்டினேன். வாத்து வந்தது. ஆட்டம் யாரையும் கேட்காமல் திறந்தது. நீ பாதியில் விட்ட ஆட்டம் அப்படியே இருந்தது, ஓடைக்கு அந்தப் பக்கம் போய் வந்தாயிற்று, மூன்று ஊர் பாக்கி. அதை நான் தொடவில்லை. புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கிச் சரி பார்த்துவிட்டு மூடினேன்.

புதன்கிழமை வெளியிட்டேன். ஊசி நாள் என்பதால் வேண்டுமென்றே அந்த நாள். ‘இணையம் வேண்டாம், அனுமதி வேண்டாம், உங்கள் பிரதி உங்களுடையது’ என்று எழுதி வைத்தேன். கூட்டம் ஒன்றும் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்: விட்டுப்போன ஊர்களின் பெயர்களைப் பார்த்ததும் மனசு கேட்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாராம். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “அவகிட்டதான் சொல்லணும் இதை” என்றார். அதனால்தான் இந்த மடல்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் மலைக்குப் போனோம். ஒரு பென் டிரைவில் ஆட்டத்தைப் போட்டு எடுத்துக்கொண்டேன். நீ வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது ஓர் இளம் பெண் இருக்கிறாள். உன்னை அவளுக்குத் தெரியாது. நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும், மேஜை மேல் இருந்த தன் பழைய லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். அதிலும் லினக்ஸ்தான். அவள் தம்பி போட்டுக் கொடுத்ததாம். போனைப் பார்த்தேன், டவர் இல்லை. ஆட்டத்தை நகலெடுத்தேன், திறந்தது. ‘உங்கள் பெயர்?’ என்று கேட்டதும் அவள் தன் பெயரை அடித்தாள். எனக்கு நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றது. அங்கே உன் பெயரைத் தவிர வேறொன்றை நான் பார்த்ததே இல்லை. அடுத்த நிமிஷம் அது சரியென்று பட்டது. அந்த மலையில் இப்போது நடப்பவள் அவள்தான்.

வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

“அக்கா, இந்த ஓடையை எனக்குத் தெரியும். இப்ப இது மேல பாலம் வந்துடுச்சிங்க. வண்டியே போவுது. நீங்க ஏன் பாலம் போடல?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

“பாலம் போட்டா ஆட்டம் ரொம்ப சுலபமாயிடுமே” என்றேன்.

“ஆவட்டுமேக்கா” என்றாள் அவள். “இன்னா இப்போ?”

திரும்பும் வழியில் அந்தப் பாலத்தைப் போய்ப் பார்த்தோம். சின்னதுதான். அப்பா நடுவில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தார். ஓடையில் கணுக்கால் அளவுதான் ஓடியது. அந்தப் பக்கம் இப்போது ஐந்து வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. அடுத்த திருத்தத்தில் பாலத்தைப் போட்டுவிடுவேன். போட்ட பிறகு நீ சொல்லாமலே அந்த ஊருக்கு எல்லோரும் போவார்கள்.

ஆனால் உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. இத்தனை செய்த பிறகும் அந்த நாற்பது நிமிஷம் என்னை விட்டுப் போகவில்லை. கடைசி வரை அந்த ஓடைக்கரை உன்னோடு இருந்தது போல, இதுவும் என்னோடு இருக்கும் போலிருக்கிறது. நீயும் என்னைத் திட்டவில்லை. ‘வேலையைப் பாரு’ என்றுதான் சொன்னாய். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தாய் போட்டுக் கொடுத்த கடுங்காப்பியை நீ எப்படிக் குடித்திருப்பாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இந்தப் பாரத்தை இறக்கி வைக்க நான் வழி தேடவில்லை. அது இருப்பதால்தானோ என்னவோ, யாராவது எதையாவது கேட்டால் ‘அப்புறம்’ என்று சொல்ல எனக்கு இப்போதெல்லாம் வாய் வருவதில்லை.

நேற்று அப்பா கொல்லையிலிருந்து போன் செய்தார். மோட்டார் ஸ்டார்ட்டர் ஏதோ சத்தம் போடுகிறதாம், நேரம் கிடைக்கும்போது வந்து பார்க்கச் சொன்னார். “அவசரம் ஒண்ணும் இல்லம்மா, உன் வேலை முடிச்சிக்கினு மெதுவா வா.”

பாதி எழுதிய வரியை அப்படியே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உன் பாப்பா